லேகியத்தை விடுங்க, முதலில் சர்க்கரையைப் பாருங்க!

'இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஐம்பது, அறுபதைத் தாண்டிய கணவன்மார் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அதனால்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

என் உறவினர் ஒருவர், கோவையில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பத்யத்தில் குறை வந்ததும், லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் போய், லேகியத்துக்கே பல ஆயிரம் அழுதார். மனைவியோ, 'பேரன், பேத்தி எடுத்தாச்சு, இன்னும் என்னங்க?' என்று சொல்லிவிட்டார். மனுஷன் யாரிடமும் பேசாமல் திண்ணையில் படுக்க ஆரம்பித்தார். கால் புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனபோதுதான், சர்க்கரை 300க்கு மேல் இருந்தது தெரிந்தது.

சர்க்கரை நோய், நரம்பையும், ரத்தக் குழாயையும் கெடுக்கும். இதயத்து ரத்தக் குழாயின் விட்டம் 3, 4 மில்லி மீட்டர் என்றால், அந்த உறுப்புக்குப் போகும் குழாய் 1, 2 மில்லி மீட்டர்தான். அடைப்பின் விளைவு இங்கேதான் முதலில் தெரியும். சில வருடம் கழித்து மாரடைப்பு வரலாம். ஆக, இது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி! ரத்தக் கொதிப்பு, பீடி, குடி, சில பிரஷர் மாத்திரைகள்கூட காரணமாகலாம். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

மனசும் காரணம்தான். மில் மூடி வேலை போனவர்கள், ஓய்வு பெற்றதும் வீட்டில் மதிப்பில்லை என்று குமைபவர்கள், ஒரு தடவை முடியாமல் போனதும் அந்தப் பயத்திலேயே வாடுபவர்கள் எத்தனையோ பேர். விடியற்காலையில் எழும்போது எழுச்சி இருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். இருந்தால், பெரும்பாலும் மனசுதான் காரணம். பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

1998ல் அமெரிக்காவில் வயாகரா வந்ததிலிருந்து, கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதைச் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் சட்டென இறங்கி உயிருக்கே ஆபத்து.

ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாதென 1954லேயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும், பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் குறையவில்லை. அரசு இதைக் கவனிக்கட்டும். 2021ல் தொடங்கிய, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரை தர பெண்கள்தான் வீட்டுக்கு வருகின்றனர். அவர்களிடம் ஆண்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால், மனைவியிடம் ஒரு வார்த்தை விசாரித்து, ஆண் டாக்டரிடம் அனுப்பி வைக்கலாமே!

சகோதரிகளே... 'வயசாச்சு, விடுங்க' என்று வாயை அடைக்காதீர்கள். 'வாங்க, சர்க்கரை டெஸ்ட் பண்ணிட்டு வரலாம்' என்று கூடவே போங்கள். தாம்பத்யம் திரும்புகிறதோ இல்லையோ, தாலி நிலைக்கும்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சூலூர்.