கைகொடுக்க வருவோரும் கரையில் வாழ்வோரும்

மன்னார் மாவட்டத்தின் மடு மாதா ஆலய ஆவணித் திருவிழாவுக்குக் கனடா, பிரான்ஸ், ஜேர்மனி என்று சிதறி வாழும் எம்மவர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வருவோர் உண்டு. வெளிநாட்டுத் திருச்சபைகளின் இளையோர் குழுக்கள் வேறு மாதங்களிலும் வடக்குக்கு வருகின்றன. வந்த இடத்தில் ஒரு நாளையாவது சேவைக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இவர்களில் பலருக்கு இருக்கிறது. முன்பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசுவது, கடற்கரையில் சிரமதானம் செய்வது, உலருணவுப் பொதி கொடுப்பது, பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று அந்த நாள் கழிகிறது.

இதைப் பார்த்து ஒரு சாரார் மனம் நெகிழ்கிறார்கள். இன்னொரு சாரார் மதமாற்ற முயற்சி என்று சந்தேகிக்கிறார்கள். யாத்திரை, தொண்டு, மறைபரப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். மூன்றையும் பிரித்துப் பார்த்தால் எது தகும், எது தகாது என்பது தெளிவாகும்.

முதலில் மன்னார் எத்தகைய மண் என்பதை வருகிறவர்கள் அறிய வேண்டும். கிறிஸ்தவம் இங்கே நேற்று வந்ததல்ல. 1544இல் மன்னார்த் தீவு மக்கள் பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். முத்துக்குளித்துறைப் பகுதிகளில் பணியில் இருந்த அவரால் வர முடியவில்லை. தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அவர் பலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதே ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளைப்படி ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டதாகத் திருச்சபை வரலாறு சொல்கிறது. தோட்டவெளியில் அவர்களின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது.

நம்பிக்கையைக் கொண்டுவந்தவர் வெளியூர்க் குரு. அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். போர்த்துக்கீசரின் கடல் வல்லமையும் யாழ்ப்பாண அரசின் அச்சமும் மோதிய காலம் அது. வெளியிலிருந்து வருகிறவர் செய்வதன் விளைவை ஊரில் இருப்பவரே சுமக்கிறார் என்பதை மன்னார் அன்றே கண்டுவிட்டது. எமது காலத்துப் போரிலும் துன்பத்தைச் சுமந்தவர்கள் ஊரில் இருந்தவர்களே. 1985 ஜனவரி 6ஆம் நாள் வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களில் ஏறத்தாழ 40 பேர் எறிகணைக்குப் பலியானார்கள். 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, போரின்போதும் அதன் பின்பும் காணாமல் போனோருக்காகக் குரல் கொடுத்தார். மாவட்டத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் கத்தோலிக்கர். இத்தகைய ஊருக்கு நற்செய்தியைப் புதிதாகக் கொண்டுவருவதாக எண்ணி யாரும் வரத் தேவையில்லை.

வெளியிலிருந்து இலங்கைக்கு வந்து நிலைத்த பயன் தந்தவர்களும் இருக்கிறார்கள். போர்த்துக்கீச இயேசு சபையினரான அன்றிக் அன்றீக்கசு சில காலம் மன்னாரிலும் பணியாற்றியவர். அவர் தமிழைக் கற்று, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். கோவாவில் பிறந்த யோசேவாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த 1687இல் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் அம்மை நோய் பரவியபோது எந்த மதத்தவர் என்று பாராமல் நோயாளரைப் பராமரித்தார். 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 60க்கும் மேற்பட்ட உள்ளூர் வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். மூவரும் மொழியைக் கற்றார்கள். ஆண்டுக் கணக்கில் தங்கினார்கள்.

ஒரு நாள் வருகிறவரால் இதைச் செய்ய முடியாது. அது குற்றமும் இல்லை. ஒரு நாளுக்கு எவ்வளவு கனம் உண்டோ அவ்வளவு வேலையை மட்டும் அதன்மேல் ஏற்றினால் போதும்.

அடுத்தது சட்டம். இலங்கை அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை எல்லோருக்கும் வழங்குகிறது. மதத்தை வழிபாட்டாலும் போதனையாலும் வெளிப்படுத்தும் உரிமையை 14ஆவது உறுப்புரை குடிமக்களுக்கு என்றே குறிப்பிட்டு வழங்குகிறது. 2003இல், மென்சிங்கன் அருட்சகோதரிகளின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு அங்கீகரிக்கவில்லை என்றும், பொருளுதவியோடு இணைந்த மதப் பரப்பல் பிறருடைய மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்றும் நீதிமன்றம் கருதியது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இந்த முடிவை ஏற்காமல், அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் விருந்தினருக்கு ஒன்று தெளிவு: சுற்றுலா விசாவில் வருகிறவர் சம்பளத்துக்கோ சம்பளமின்றியோ தொழில் செய்ய அனுமதியில்லை. ஆகவே எந்தத் தொண்டானாலும், எந்த விசா தகும் என்பதை அழைக்கும் பங்கின் வழியாக முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும்.

சட்டத்தைவிட நுண்மையானது அயலவர் உறவு. மன்னாரில் திருக்கேதீச்சரம் சிவன் கோயில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு நீண்ட காலத்தின் பின் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. 2019 சிவராத்திரிக்கு முன்னர் திருக்கேதீச்சரத்துக்கான ஓர் அலங்கார வளைவை முன்னிட்டுச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே எழுந்த பிணக்கு, ஒரே மொழி பேசும் அயலவருக்கிடையே எவ்வளவு ஆழமான காயத்தை ஏற்படுத்தியது என்பது பலருக்கும் நினைவிருக்கும். அரிசிப் பொதிக்குள் ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்துக் கொடுத்துவிட்டு விருந்தினர் விமானம் ஏறிவிடலாம். மறுநாள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பங்குத்தந்தை. முகம் கொடுக்க வேண்டியவர்கள் அதே ஒழுங்கையில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்கள். உதவி உதவியாகவே இருக்கட்டும். பசித்தவரின் மதத்தைக் கேளாமல் கொடுப்பதே கிறிஸ்துவின் வழியும்கூட.

அப்படியானால் அந்த ஒரு நாளில் என்னதான் செய்யலாம்? வேலையை ஊரே தெரிவு செய்யட்டும். மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனமான வாழ்வுதயம் இருக்கிறது. பங்குச் சபைகளும் மீனவர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இருக்கின்றன. என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மன்னாரின் தாழ்நிலங்களும் வெள்ளத்தில் மூழ்கின. அப்படியான நேரத்தில் கிணறு இறைக்கவும் வீட்டுச் சேற்றை அள்ளவும் எத்தனை கைகள் வந்தாலும் போதாது. சாதாரண நாளில் சுவருக்கு வர்ணம் பூசுவதோ உள்ளூர்த் தொழிலாளியின் நாட்கூலி. அதை அவரிடமே கொடுத்துச் செய்விப்பது நல்லது. பல் வைத்தியரோ கணக்காளரோ வந்தால், உரிய அனுமதியோடு இங்குள்ளவருக்குத் தம் அனுபவத்தைப் பகிரலாம்.

சிறுவர் இல்லங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இருக்கிறார். ஒரு பகல் கொஞ்சி விளையாடிவிட்டு மறைகிற முகங்கள் அவர்களுக்குப் பிரிவையே மீண்டும் மீண்டும் பழக்குகின்றன. அவர்களின் படத்தை இணையத்தில் போடுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பெற்றோர் பிள்ளையைத் தம்மோடு வைத்திருக்க உதவுவதே மேலான தொண்டு.

கேட்பதும் தொண்டுதான். முள்ளிக்குளம் மக்கள் 2007இல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அங்கே நிலைகொண்ட கடற்படை, 2017இல்தான் அவர்களின் காணியில் ஒரு பகுதியை விடுவிக்க இணங்கியது. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகளால் வலையை இழந்த பேசாலை மீனவரின் கதையை, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இளையோர் அவருடைய வாடியில் இருந்தே கேட்க வேண்டும். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் பிணக்குத் தீரவில்லை. இரு கரையிலும் ஒரே மாதாவை வணங்குகிறவர்கள் இதைப் பேசித் தீர்க்க ஒரு வழி திறந்தால், அது பத்துச் சுவருக்கு வர்ணம் பூசியதிலும் பெரிய பணி.

ஆகவே வருகிறவர்களிடம் எமது வேண்டுகோள் இதுதான். யாத்திரையாக வந்தால் யாத்திரை என்றே சொல்லுங்கள். அதில் குறை ஒன்றுமில்லை. தொண்டு செய்ய வந்தால், புறப்படுவதற்கு மாதங்கள் முன்னரே பங்குக்கு எழுதி, அவர்கள் கேட்டதை மட்டும் செய்யுங்கள். பயணச் செலவோடு, ஊர் தானே முடிவு செய்து செலவிடக்கூடிய ஒரு தொகையையும் ஒதுக்குங்கள். திரும்பிப் போன பின்னும் அதே ஊரோடு ஆண்டுதோறும் தொடர்பில் இருங்கள். அழைக்கும் பங்குகளிடமும் ஒரு வார்த்தை: தேவையில்லாத வேலையைத் தேவையில்லை என்று அன்போடு சொல்லுங்கள். விருந்தோம்பலுக்கு அதனால் குறைவு வராது.