குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்த நாய்?

2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்தது. சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போன பக் நாயைப் பார்த்து, பல வீடுகளில் பிள்ளைகள் அதேதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். சாதுவான நாய்தான், சந்தேகமில்லை. ஆனால் நாய்க்கு உடம்புச் சூடு தணிய நன்றாக மூச்சிரைக்க வேண்டும். மூக்கே சப்பையான பக், அக்னி நட்சத்திரத்தில் தாம்பரத்து அடுக்குமாடி வீட்டில் என்ன பாடுபடும்?

"அப்படியானால் ராஜபாளையம் வாங்கலாமே?" என்பார்கள். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த இனம், பெருமைதான். ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. ஓட இடம் வேண்டும். சேலையூரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் அடைத்தால் நாய்க்கும் கஷ்டம், வீட்டாருக்கும் கஷ்டம்.

இந்த வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த நாட்டு நாய் இருக்கிறதே! குட்டை முடி, நீண்ட மூக்கு. வேளச்சேரி புளூ கிராஸில் குட்டியாகவே தத்தெடுக்கலாம். "தெருநாய்" என்ற பெயர்தான் தடுக்கிறது என்றால், குறை நாயிடம் இல்லை.

எந்த இனமானாலும் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். சாப்பிடும் நாயைத் தொடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விடவே கூடாது. இதற்கெல்லாம் நேரமில்லாத வீட்டுக்கு எந்த இனமும் சரிப்படாது.