தீவகமும் பழைய வண்டியும்

பழைய ஜீப்பையோ லாண்ட் றோவரையோ வாங்கி, உயர்த்தி, அகன்ற ரயர் பூட்டி, தீவகக் கரைகளில் ஓட்டித் திரியும் விருப்பம் நம் இளைஞர் சிலரைப் பற்றியுள்ளது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளின் மதிப்பும் ஏறிற்று. இவ்விருப்பத்தை யான் குறைகூற வரவில்லை.

பழைய இயந்திரத்தை உயிர்ப்பித்து ஓட்டுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டின் பொருளாதாரத் தடைக்குப் பின், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பினர். பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அக்கால எஞ்சின்களின் அமுக்கம் குறைவாயிருந்தமையே இதற்கு இடந்தந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும் என்பதையும், ஆதலின் ஒயிலை விரைந்து மாற்றவேண்டும் என்பதையும் நம் கராச்சுக்காரர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அஃது இடத்தையும் காலத்தையும் உணர்ந்து செய்த மாற்றம்.

இன்று செய்யப்படும் மாற்றங்களோ பெரும்பாலும் பார்வைக்கானவை. நெடுந்தீவு தட்டை நிலம். ஏறுதற்கு மலை இல்லை. அங்கு வண்டிக்குப் பகை உப்புக்காற்றும் கூரிய முருகைக்கல்லுமே. மணலில் புதையாதிருக்க ரயரின் காற்றைக் குறைப்பர். கல்நிலத்துக்கு வருமுன் அதனை மீள நிரப்பாவிடில் ரயரின் பக்கம் கிழியும். லாண்ட் றோவர் துருப்பிடியாது என்று சிலர் ஏமாறுகின்றனர். 1948 இல் அவ்வண்டி வெளிவந்தபோது பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் உடற்றகடு அலுமினியக் கலவையால் ஆயது, அடிச்சட்டம் உருக்கே. இரு உலோகமும் தொடுமிடத்தில் உப்பீரம் படின் அலுமினியமும் வெண்பொடியாய் உதிரும்.

இத்துருவுக்கு அஞ்சிக் கழிவொயிலை அடிச்சட்டமெங்கும் பூசுவோர் உளர். இதனையே யான் வன்மையாக மறுக்கின்றேன். நம் நிலம் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளூடாக மேலே சிந்தியது கீழே சேர்கின்றது. கீழே இருப்பதோ உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை ஒரு பத்தாண்டின் முன்னர்தான் கண்டோம். அது பெருமளவிலானது, ஒரு வண்டியின் ஒழுக்கு அத்துணைப் பெரிதன்று என்பர். உண்மையே. ஆயினும் குடாநாட்டில் ஒரு கிணறு கெட்டால் அயலூரிலிருந்து நீர் கொணரலாம். நெடுந்தீவில் கடலைக் கடந்தல்லவா கொணரவேண்டும்?

ஒயில் ஒழுகாத லாண்ட் றோவரில் ஒயிலே இல்லை என்று அவ்வண்டிப் பிரியர் நகையாடுவதுண்டு. நகை நகையாகவே இருக்கட்டும். உயர்த்துதற்கு ஒதுக்கிய பணத்தை முதலில் ஒயில் சீல்களுக்குச் செலவிடுக. அடிச்சட்டத்தைச் சுரண்டித் துடைத்து, நீர் வடியும் துளைகளைத் திறந்து, தடித்த கிறீஸோ மெழுகோ இடுக. உப்பைக் கழுவுதலும் வேண்டியதே. ஆனால் அதனைத் தம் வீடு மீண்ட பின்னரே செய்க, தீவார் குடிக்கும் கிணற்றடியில் அன்று.

புறப்படுமுன் இரவு வண்டியின்கீழ் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து வைக்கலாம். விடியலில் அதில் கறை தோன்றின், அவ்வண்டி இன்னும் ஒரு கிழமை கராச்சில் நிற்கட்டும்.