சுருக்கம் எங்கே போயிற்று?

சென்ற மாதம் எங்கள் அத்தைக்கு எண்பது வயது பூர்த்தியாயிற்று. விருந்தெல்லாம் முடிந்த பிறகு, சாயங்காலம் கூடத்தில் எரிந்த ஒற்றை விளக்கில், என் தங்கை செல்போனை எடுத்து அத்தையைப் படம் பிடித்தாள். அதைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருடி இது?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் போனப்புறம் சுவரிலே மாட்டப் போற படம். கொள்ளுப் பேரன் கேட்டா, இவதான்னு காட்ட வேணாமா?"

அப்புறம்தான் நானும் உற்றுப் பார்த்தேன். கண்ணோரத்துச் சுருக்கங்களைக் காணோம். நரைமுடி இழை இழையாகத் தெரியாமல் பஞ்சுப் பொதி மாதிரி இருந்தது. முகம் மெழுகுப் பொம்மை!

குற்றவாளி என் தங்கை அல்ல, வெளிச்சக் குறைவுதான். வெளிச்சம் போதாதபோது காமிரா தனக்குக் கிடைத்த சொற்பத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. கூடவே பொடிப் பொடியாய்ப் புள்ளிகளும் பெருகிவிடுகின்றன. இதை 'நாய்ஸ்' என்பார்கள். காதில் விழாத இந்த இரைச்சலை அடக்குவதற்காகச் செல்போன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சமப்படுத்திவிடுகிறது. கல் எது, அரிசி எது என்று தெரியாதவனிடம் முறத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கல்லோடு அரிசியும் போகும். புள்ளியோடு அத்தையின் சுருக்கமும் போனது இப்படித்தான்.

பிலிம் படத்திலும் புள்ளி இருந்ததே என்பீர்கள். வாஸ்தவம். அவை பிலிமில் பூசிய வெள்ளி உப்பிலிருந்து வரும் துகள்கள். மங்கல் வெளிச்சத்துக்கென்று செய்த பிலிமில் துகள் பெரிது. 35 மில்லிமீட்டர் காமிராவுக்காக 1954-ல் வந்த கோடக் டிரை-எக்ஸ் பிலிமை அந்தத் துகளுக்காகவே விரும்புகிறவர்கள் உண்டு. கைத்தறிப் புடவையில் இழை தெரிந்தால் குறை என்றா சொல்கிறோம்?

ஜூலியா மார்கரெட் காமரன் என்ற அம்மையார் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அவருக்கு 48-ஆவது வயதில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். கோழிக் கொட்டகையை ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். அவர் எடுத்த முகங்கள் சற்றே மங்கலாக இருந்தன. போட்டோக் கலைஞர்கள் பலர் ஏளனம் செய்தார்கள், அவர் மாறவில்லை. 1867-ல் அவர் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். கலைந்த நரையும் முகத்துக் கோடுகளும் அப்படியே இருக்கின்றன. அம்மையார் 1879-ல் இலங்கையில் காலமானார். மங்கலாக்கினாலும் அவர் எதையும் துடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. பெரியவர்களைப் பகலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வெளிச்சம் 4 மடங்கானால் புள்ளித் தொல்லை பாதியாகும். திரையில் அவர்கள் கண்ணின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். காது மங்கினால் பாதகமில்லை. கண் மங்கக் கூடாது. முகத்தைப் பளபளப்பாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். கை ஆடிப்போன படத்தைச் சரிசெய்வது கஷ்டம். நாலு புள்ளி இருப்பதால் படம் கெட்டுவிடாது. திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால், முதல் பிரதியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையை ஜன்னலருகே உட்கார வைத்து மறுபடியும் எடுத்தோம். நெற்றிக் கோடுகளை எண்ணிவிடலாம். நிழல் விழுந்த கன்னத்தில் கொஞ்சம் புள்ளியும் இருந்தது. அத்தை படத்தின் கண்ணோரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ம்... இவதான்" என்றாள்.

சட்டத்துக்குள் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது.