பலகையில் நடப்பவர்கள்

போன மாசம் அருப்புக்கோட்டையில் மாணவர்களுக்கு நடந்த ஓவியப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். திரையில் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’. பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தைப் பார்த்து 1872இல் வரைந்தது. 1874இல் பாரிசில் காட்சிக்கு வைத்தபோது கேலி செய்தார்கள். அந்தக் கேலியே ஒரு கலை இயக்கத்துக்குப் பெயராகிப் போனது. “இந்தப் படத்தோட மனநிலை என்ன?” என்று பேச வந்தவர் கேட்டார். “அமைதி” என்றார்கள் பிள்ளைகள். அவரும் சரின்னுட்டார்.

யாருக்கு அமைதி? பனிக்குப் பின்னால கிரேன் நிக்குது, கப்பல் மரங்கள் நிக்குது, புகைபோக்கியில புகை எழும்புது. ஓவியர் நின்றது ஓட்டல் சன்னலில். அமைதி அந்தச் சன்னலுக்கு உரியது.

இதே மோனே 1875 வாக்கில் இன்னொரு படம் வரைந்திருக்கிறார், ‘கரி இறக்குபவர்கள்’. இப்போது பாரிஸ் ஆர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்ன் ஆற்றில் நிற்கும் படகுகளிலிருந்து கரைக்குக் குறுகலான பலகைகள். பாரத்தோடு போகிறவர்கள், வெறுங்கூடையோடு திரும்புகிறவர்கள். ஒருத்தருக்கும் முகம் கிடையாது. இதில் லயம் இருப்பதாகச் சொல்வார்கள்.

எனக்குக் கால்தான் தெரிந்தது. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்தில் எங்க அம்மா வேலை பார்த்தது. வேலிக்கருவையை வெட்டி, மூட்டம் போட்டு, பிரிச்ச கரியை மூட்டை கட்டி, லாரியில் சாத்தின பலகையில ஏத்தணும். முன்னால போற ஆளோட அடியும் நம்ம அடியும் ஒண்ணாச் சேர்ந்தா பலகை துள்ளும், மூட்டையோட ஆள் கீழே. அதனால அடியை மாத்தி மாத்தி வைப்பாங்க. விழாம இருக்கிற வித்தை அது. அதுக்கு லயம்னு பேர் வச்சது தரையில நின்னு பார்த்தவன்.

இருந்தாலும் மோனே பலகையைப் பார்த்தாரே, அதை மறுக்க மாட்டேன். பார்க்காதது வேறொண்ணு. எல்லா உருவத்தையும் ஒரே கறுப்பாப் பூசிட்டார். கரி அப்பிக்கிட்டா எல்லாரும் ஒண்ணுதான்னு தோணுது. லோடு ஏத்திட்டு டீக்கடைக்குப் போனா, அத்தனை கரிக்குள்ளயும் யாரு எந்தத் தெருன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சது. எங்க அம்மாவுக்குத் தனிக் கிளாஸ்.

அடுத்த தடவை இந்தக் கரிப் படத்தைப் போடுங்கன்னு பட்டறைக்காரங்களிடம் சொல்லியிருக்கேன். மூட்டத்துக்குப் போற வீட்டுப் பிள்ளைகள் நாலஞ்சு பேர் அந்த அறையில் இருந்தார்கள். மனநிலை என்னன்னு கேட்டப்ப அவங்க வாயே திறக்கலை.