‘ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை?’ – கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்போமா?

பழனிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல் கிராமம். 2009, 2010-ம் ஆண்டுகளில் அங்கே நடந்த அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 2 கிலோ நெல். அதே ஈமச்சின்னத்தில் தமிழ் பிராமி எழுத்து பொறித்த மண் பிரிமனையும் இருந்தது. நெல்மணிகளை அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த காலக்கணக்கு: கி.மு. 490.

கீழடி என்ற பெயர் நம் வாட்ஸ்அப்பில் வலம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய விவாதத்தைச் சூடாக்கிய கண்டுபிடிப்பு இது. தோண்டியது யார் தெரியுமா? புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை. தலைமை தாங்கியவர் அங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கா.ராஜன்.

ஆமாம், “ஹிஸ்டரி எடுத்திருக்கியா? சரி, ஐஏஎஸ்-க்குப் படிக்கப் போறியா?” என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்பார்களே, அதே ஹிஸ்டரி துறைதான்.

வேறு பாடம் கிடைக்காதவர்கள் சேரும் இடம், போட்டித் தேர்வுக்குப் போகிற வழியில் இரண்டு வருடம் தங்கும் இடம். வரலாற்றுத் துறையைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் எண்ணம் இதுதான். இது பாதி தப்பு. மீதிப் பாதிக்குத் துறைகளே பொறுப்பு.

துறை சாதித்தது என்ன?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு மற்றும் தொல்லியலுக்கான துறை 1914-ல் தொடங்கியது. முதல் பேராசிரியர் எஸ்.கிருஷ்ணசாமி அய்யங்கார். அவருக்குப் பிறகு 1929-ல் பொறுப்புக்கு வந்தவர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. அவருடைய சோழர் வரலாறு 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாக வந்தது. அதுவரை கல்வெட்டு அறிக்கைகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த தகவல்களை ஒரு பேரரசின் கதையாகக் கோத்துக் கொடுத்த நூல் அது. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதத் தொடங்கியது 1950-ல்தான். ராஜராஜனைப் பற்றி இன்று நாம் டீக்கடையில் பேசுவதில் பெரும்பகுதி, ஏதோ ஒரு துறையில் யாரோ ஒருவர் கல்வெட்டுப் படியைப் பல வருடம் உற்றுப் பார்த்ததால் வந்தது.

இன்னொரு கதை நம் ஐ.டி. நண்பர்களுக்குப் பிடிக்கும். நொபுரு கராஷிமா என்ற ஜப்பானிய இளைஞர் 1960-களின் தொடக்கத்தில் கல்வெட்டு படிக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, நிலம் யார் யார் பெயரில் இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரான ஈசானமங்கலத்தில் தனிநபர் நில உடைமை தெரிந்தது. வெள்ளான்வகை ஊரான அல்லூரில் நிலத்தைக் கூட்டாக வைத்திருந்த அடையாளம் தெரிந்தது. ராஜாவின் போர் வெற்றிகளைத் தாண்டி, ஊரில் நிலம் யார் கையில் இருந்தது என்ற கேள்விக்குக் கல்வெட்டு பதில் சொல்லும் என்று காட்டிய ஆய்வு அது.

பிறகு எ.சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978-ல் ஒரு சொல்லடைவு கொண்டுவந்தார். ‘டேட்டா சயின்ஸ்’ என்ற பேச்சே நம்மூரில் இல்லாத காலம் அது. சுப்பராயலு இன்னொரு பக்கம், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை வைத்துச் சோழ நாட்டின் ‘நாடு’களை வரைபடத்தில் குறித்தார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் அந்தப் பணி தொடர்ந்தது.

பொருந்தலுக்கே திரும்ப வருவோம். கி.மு. 490 என்றதும் எல்லாரும் கைதட்டிவிடவில்லை. ஒன்றிரண்டு மாதிரியை வைத்து எழுத்தின் காலத்தை முடிவு செய்யலாமா என்று கல்வெட்டு அறிஞர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கோபம் இல்லை; இன்னும் ஆதாரம். நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டினார்கள், மேலும் மாதிரிகளை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ ஆய்வறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரும் அதே ராஜன்தான். ஆதாரம் கேட்பது, கேட்டால் கொடுப்பது என்ற இந்தப் பழக்கத்தைத்தான் துறையின் முதல் சாதனையாக நான் சொல்வேன்.

சரி, வாய்ப்பு எங்கே இருக்கு?

முதலில் எல்லாருக்கும் தெரிந்த வழி. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் வரலாறு விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண். அதில் 50 மதிப்பெண், வரைபடத்தில் குறித்த 20 இடங்களை அடையாளம் கண்டு எழுதுவதற்கு. துறையில் ஒழுங்காகப் படித்தவருக்கு இது கூடுதல் பலம்தான். ஆனால், இதற்காக மட்டும் துறை இருந்தால் அது கோச்சிங் சென்டர் ஆகிவிடும்.

இரண்டாவது, ஆய்வும் ஆசிரியப் பணியும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நிதி கிடைத்தால், 2023-ம் ஆண்டு முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் காசு கேட்காமல் முனைவர் பட்டம் முடிக்க இது உண்மையான வழி. ஆனால், முடித்த பிறகு? அதற்குக் கீழே வருகிறேன்.

மூன்றாவது, தொல்லியல். முதுகலை முடித்தவர்களுக்கு மத்திய தொல்லியல் துறை, கிரேட்டர் நொய்டாவில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தமிழக அரசின் தொல்லியல் துறையும் இதுபோன்ற பட்டயப் படிப்பை நடத்துகிறது. இடங்கள் கொஞ்சம்தான். ஆனால் கீழடியில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தைப் பாருங்கள். காட்சிப்படுத்துவது, விளக்கக் குறிப்பு எழுதுவது, பொருட்களைப் பாதுகாப்பது என எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

நான்காவது, ஆவணங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் ஆவண மேலாண்மையில் ஓராண்டுப் பட்டயம் தருகிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை வைத்து 1994-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சு நூல்களை டிஜிட்டலாக்கி வருகிறது. பழைய தாளை ஸ்கேன் செய்ய மெஷின் போதும். அது என்ன தாள், எந்த வருடம், எதன் கீழ் பட்டியலிடுவது என்று சொல்ல வரலாறு தெரிந்த ஆள் வேண்டும்.

ஐந்தாவதை யாரும் சொல்வதில்லை. நிலம். கோயில் நில வழக்குகளில் 1860-களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடு இன்றும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. செட்டில்மென்ட் பதிவேடு, பழைய கிரயப் பத்திரம், வேலி, மா, குழி என்று பழைய அளவுகள். இவற்றைப் படித்து, “இந்தச் சர்வே எண் அப்போது யார் அனுபவத்தில் இருந்தது” என்று சொல்லத் தெரிந்தவர்களை வக்கீல்கள் தேடுகிறார்கள். இது வரலாற்று வேலை இல்லாமல் வேறென்ன?

அப்புறம் ஏன் பயப்படறோம்?

ஏனென்றால், மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவையான திறமையைப் பல துறைகள் சொல்லித் தருவதில்லை.

எம்.ஏ. முடிக்கிற மாணவருக்கு முகலாயர் நிர்வாகம் பத்து மார்க்குக்குத் தெரியும். பக்கத்துத் தெருக் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டில் ஒரு வரி படிக்கத் தெரியாது. வட்டெழுத்து, கிரந்தம், தமிழ் பிராமி எல்லாம் பாடத்திட்டத்தில் ஒரு அலகாக இருக்கும். ‘முக்கியத்துவம் பற்றி எழுதுக’ என்று கேள்வியும் வரும். எழுத்தை யாரும் எழுத வைக்க மாட்டார்கள். நீந்துவதன் முக்கியத்துவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, குளத்துப் பக்கமே கூட்டிப் போகாத மாதிரி.

இதில் உண்மையான ஆபத்து இருக்கிறது. மைசூருவில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால், படிகள் எங்கே இருந்தாலும் படிக்கிறவர் இருந்தால்தானே வரலாறு? தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வந்தது 1890-ல். அன்று முதல் இந்தத் திறமை குருவிடமிருந்து சிஷ்யருக்கு என்று கைமாறித்தான் வந்திருக்கிறது. ஒரு தலைமுறை விட்டுப்போனால், புத்தகம் பார்த்து மீட்டெடுப்பது லேசான காரியம் இல்லை.

அந்தக் கைமாற்றம் நடக்க, துறையில் நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டும். பல அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் காலியிடங்கள் வருடக்கணக்கில் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வகுப்பு ஓடுகிறது. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், ஐந்து வருட அகழாய்வை எப்படித் திட்டமிடுவார்? நெட் முடித்து, முனைவர் பட்டமும் முடித்தவர் தினம் பயப்படுவது இதற்குத்தான். ஆராய்ச்சியைப் பாராட்டி அறிக்கை விடும் அரசு, ஆராய்ச்சி செய்யும் ஆளை நியமிக்காமல் இருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

என்ன மாறணும்?

பெரிய பட்ஜெட் கேட்கவில்லை. நான்கு விஷயம் போதும்.

ஒன்று, முதல் செமஸ்டரிலேயே ஒரு எழுத்துமுறை. தேர்வில் படித்துக் காட்டணும். இரண்டு, ஒவ்வொரு எம்.ஏ. ஆய்வேடும் மாணவரின் சொந்த மாவட்டத்தில் யாரும் தொடாத ஒரு கல்வெட்டு, ஒரு பதிவேடு, ஒரு ஏரி என்று மூல ஆதாரத்திலிருந்து வரணும். பழைய ஆய்வேட்டை வெட்டி ஒட்டுவது அதோடு நிற்கும். மூன்று, கணினித் துறையோடு சேர்ந்து ஜி.ஐ.எஸ். வரைபடமும் தரவுத்தளமும் கற்றுத் தரணும். கராஷிமா அன்று செய்ததை இன்று லேப்டாப்பில் செய்யலாம். நான்கு, அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி கட்டாயம்.

இவ்வளவு செய்தாலும் ஹிஸ்டரி படித்த எல்லாருக்கும் துறை சார்ந்த வேலை கிடைக்கும் என்று சொன்னால் அது பொய். இன்ஜினீயரிங் படித்த எல்லாருக்கும் அப்படித்தானா கிடைக்கிறது? பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கும், பட்டத்தோடு கையில் ஒரு தொழில் வைத்திருப்பவருக்கும் இருக்கும் வித்தியாசம் எல்லாப் படிப்புக்கும் ஒன்றுதான்.

அதனால், அடுத்த முறை தம்பியோ தங்கையோ “அண்ணா, ஹிஸ்டரி எடுக்கலாமா?” என்று கேட்டால் உடனே முகம் சுளிக்காதீர்கள். சேரப்போகும் துறைக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இங்கே நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? போன வருடம் மாணவர்களை எங்கே களப்பணிக்குக் கூட்டிப் போனீங்க? கல்வெட்டு படிக்க யார் சொல்லித் தருவாங்க?

மூன்றுக்கும் பெயரோடு, ஊரோடு பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். பதில் வராவிட்டால் வேறு துறையைப் பார்க்கலாம். அப்படி நாலு பேர் எழுந்து போனால், அந்தத் துறையும் யோசிக்க ஆரம்பிக்கும்.