தையல் பிரித்த பிறகு

அடிபட்ட நாய்க்குட்டியின் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு யாராவது வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் போட்டால், ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு விதமான பதில்கள் வந்துவிடுகின்றன. ஒன்று, கைகூப்பும் பொம்மையும் கூடவே ஒரு நூறு ரூபாயும். மற்றது, "மனுசனுக்கே வழியக் காணோம், நாய்க்கு ஆபரேஷனா?" என்ற கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு அதிக இடம் தேவையில்லை. சாலையில் அடிபட்ட மனிதருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தமிழகத்தில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தனி. இரண்டிலும் ஓட்டைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே சாலையில் அதே சக்கரத்தில் சிக்கிய குட்டிக்கு இருப்பதெல்லாம், வண்டியை ஓரங்கட்டி இறங்கிவந்த ஒரே ஒரு ஆள்தான். அவரைப் பார்த்து 'வேறு வேலையில்லையா' என்று கேட்பவர், பெரும்பாலும் மனிதருக்கும் பர்ஸைத் திறக்காதவராகவே இருக்கிறார். கொடுக்க விருப்பமில்லையா, கொடுக்க வேண்டாம். அதற்கு ஒரு தத்துவம் தேவையில்லை.

இதில் விசித்திரம், அடித்துவிட்டுப் போனவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மனுநீதிச் சோழன் கதையை நீதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி, அது ஒரு சாலை விபத்தில் தொடங்குகிறது என்பதையே மறந்துவிட்டோம். திருவாரூர்த் தெருவில் துள்ளி வந்த கன்று. எதிரே இளவரசனின் தேர். அந்த இளவரசனாவது தேரை நிறுத்தி இறங்கினான். நம் ஊரில் கண்ணாடியில் ஒரு பார்வை, கியரில் ஒரு தட்டு, அவ்வளவுதான். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகிவிடுகிறது. வேண்டுமென்றே ஊனப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு என்பது உண்மை. 'தெரியாம ஏத்திட்டேன் சார்' என்பவரை அது தொடாது. ஆக, இடித்தவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். நின்றவர் கடனாளி ஆகிறார்.

எனவே கை நீட்டுவதில் குற்றமில்லை. எமது தீர்ப்பில் இந்தப் பகுதிக்கு மேல்முறையீடு கிடையாது. குற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரிக்குள் போக வேண்டும்.

தெருக்குட்டிகள் நிறுத்திவைத்த கார்களின் அடியில் படுக்கும், வெயிலில் நிழலுக்காக, பனியில் சூட்டுக்காக. வண்டி நகர்ந்தால் பின்னங்கால் போகும், அல்லது இடுப்பு. தொடையெலும்பு முறிந்திருந்தால் உள்ளே கம்பி செலுத்தியோ பிளேட் வைத்தோ சேர்க்க வேண்டியிருக்கும். குட்டியின் எலும்பு சில வாரங்களிலேயே கூடிவிடும். அதனாலேயே, நாள் கடத்தினால் கோணலாகவும் கூடிவிடும். எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, கம்பி, பிறகு தினசரி வார்டு வாடகை என்று தனியார் மருத்துவமனையில் இருபதாயிரம், முப்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் வருவது சென்னையில் சாதாரணம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்குப் போனால் சிறு தொகையில் முடியும். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும், வேலைக்கு விடுப்புப் போட வேண்டும். பணத்தால் வாங்கப்படுவது பாதி நேரம் சிகிச்சை அல்ல, அந்தக் காத்திருப்பிலிருந்து விடுதலை. அதையும் தவறென்று சொல்லமாட்டோம். கேட்கும்போது அதைச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிவுகளில் பலவற்றுக்குக் கத்தியே வேண்டியதில்லை. கூண்டில் அடைத்து, ஓடவிடாமல், வேளைக்கு மருந்தும் வலிக்கு மாத்திரையும் கொடுத்து, படுத்த பக்கம் மாற்றிப் போட்டு, மலம் மூத்திரம் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் தானே கூடிவிடும். ஆனால் 'ஒரு மாசம் கூண்டில் வைத்துப் பார்த்துக்க ஆள் வேணும்' என்று படம் போட்டால் குழுவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. 'நாளைக்கே ஆபரேஷன்' என்றால்தான் கை ஜிபே பக்கம் போகிறது. இது கேட்பவருக்கும் தெரிந்திருக்கிறது. சிலர், நல்ல மனம் கொண்டவர்களே, இதனால் அவசரத்தைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். ரத்தம் அதிகம் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டாக்டர் 'பார்க்கலாம்' என்றது, செய்தியில் 'இன்றிரவுக்குள் கட்ட வேண்டும்' என்று ஆகிவிடுகிறது.

இது பொய். குட்டிக்காகச் சொன்னாலும் பொய்தான்.

பிறகு கணக்கு. இருபதாயிரம் கேட்ட இடத்தில் முப்பத்தைந்தாயிரம் வந்துவிட்டால் மீதி எங்கே போகிறது? 'அடுத்த கேஸுக்கு வச்சிருக்கேன்' என்பது பல நேரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பணம் தந்தவர் அடுத்த கேஸுக்குத் தரவில்லை. காதில் புண்ணோடு துண்டில் சுருண்டிருந்த இந்தக் குட்டிக்குத் தந்தார். ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் கியூஆர் அட்டை கவுன்டரிலேயே நிற்கிறது. தொகை சேர்ந்ததும் 'போதும்' என்று எழுதலாம். பில்லைப் படம் எடுத்துப் போட ஒரு நிமிடம் போதும். சொந்தக் கணக்கில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வந்த தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அது முழுவதுமே உங்கள் வருமானம்.

குணமாகிப்போன குட்டியின் பழைய படத்தை வைத்து இன்னொரு ஊரில், இன்னொரு எண்ணில் வசூலிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மோசடிக்காரர்கள் என்பதோடு நிறுத்துவதற்கில்லை. அவர்கள் திருடுவது நூறு ரூபாய்களை மட்டுமல்ல. அடுத்த மாதம் உண்மையிலேயே குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போகும் ஒரு கல்லூரிப் பெண்ணின் மீது மற்றவர்கள் வைத்திருக்கக்கூடிய நம்பிக்கையையும் சேர்த்து. கோயில் உண்டியல் திருடனைவிட இவர்களை ஒரு படி கீழே வைக்கிறோம்.

ஆனால் இதுவும் இந்தத் தலையங்கத்தின் முதன்மைக் குற்றச்சாட்டு அல்ல. அது, ஒழுங்காகக் கணக்குக் காட்டியவர்கள் மீதும், ஒழுங்காகப் பணம் அனுப்பியவர்கள் மீதும், அதாவது நம்மீதே வருகிறது.

பத்துப் பன்னிரண்டு நாளில் தையல் பிரிக்கிறார்கள். குட்டி மூன்று காலும் கொஞ்சமுமாக நடக்கும் வீடியோ வருகிறது, பின்னணியில் ஒரு பாட்டோடு. எல்லோரும் இதயம் போடுகிறார்கள். கதை முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. குட்டிக்கு அன்றுதான் தொடங்குகிறது. தூக்கிவந்தவர் வாடகை வீட்டில் இருக்கிறார், உரிமையாளர் சம்மதிக்கவில்லை. போர்டிங்கில் விட்டால் நாளுக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடுகிறது. அதற்குப் பணம் கேட்டுப் போட்ட செய்தியை அதே குழுவில் அதே ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். 'தத்து கொடுக்கப்படும்' என்று போட்டால் வரும் முதல் கேள்வி, 'எந்த பிரீடு?' நாட்டு நாய் என்றதும் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். பெண் குட்டி என்றதும் மீதிப் பாதி. கொஞ்சம் நொண்டும் என்றால் நிற்பவர் யாருமில்லை. அதே ஆட்கள் ஷிட்சூ குட்டிக்கு இருபதாயிரம் எண்ணி வைக்கிறார்கள், ஏசி அறையில் அது மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பூரிக்கிறார்கள்.

கடைசியில் அந்தக் குட்டி, அடிபட்ட அதே தெருவுக்கே திரும்புகிறது. இப்போது வேகமாக ஓட முடியாத காலோடு.

முப்பதாயிரம் ரூபாய் செலவழித்து ஒரு கம்பியை உள்ளே வைத்து, மூன்றாம் மாதம் போட வேண்டிய நூறு, இருநூறு ரூபாய் வெறிநாய்த் தடுப்பூசியையும், பிறகு செய்ய வேண்டிய கருத்தடையையும் விட்டுவிடுவதற்கு என்ன பெயர் வைப்பது? தமிழகத்தில் 2024-இல் பதிவான நாய்க்கடிகள் நான்கரை லட்சத்தைத் தாண்டின. ரேபிஸால் செத்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு நம் கருணை புரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள நமக்கு உரிமை வேண்டுமானால், நாம் காப்பாற்றிய நாய் ஊசி போட்ட நாயாக இருக்க வேண்டும். (இடையில் ஒன்று: வலியில் இருக்கும் குட்டி, தூக்கியவரைத்தான் முதலில் கடிக்கும். 'குட்டிதானே' என்று கையைக் கழுவிவிட்டு விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குட்டிக்கும் ரேபிஸ் வரும். பணம் திரட்டத் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இலவசம்.)

உள்ளாட்சிகளின் பொறுப்பு பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை என்ற வழியைச் சென்னையில் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-இலேயே தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மத்திய அரசின் கருத்தடை விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் திருத்தி எழுதப்பட்டன. விதிப்படி வேலை நடந்திருந்தால் இத்தனை குட்டிகள் கார்களுக்கு அடியில் படுத்திருக்காது. அரசின் இந்தச் சோம்பலுக்கான வட்டியைத்தான் இரவு பதினோரு மணிக்கு முகம் தெரியாத ஒருவர் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது அரசின் குற்றம். ஆனால் அதைக் காட்டி நம் பங்கைக் கழித்துக்கொள்ள முடியாது.

கேட்பவர்களுக்கு எமது தீர்ப்பு இதுதான். இனி எஸ்டிமேட்டில் ஆபரேஷனோடு கூண்டு வாடகையும், தடுப்பூசியும், கருத்தடையும், வீடு கிடைக்கும்வரை சோறும் சேரட்டும். தொகை இரட்டிப்பாகும், கொடுப்பவர்கள் குறைவார்கள். ஆனாலும் அதுதான் உண்மையான தொகை. தன்னால் ஆபரேஷன்வரைதான் முடியும் என்றால் அதையும் முதல் செய்தியிலேயே எழுதட்டும். அந்த வரியைப் படித்துவிட்டு, பணம் இல்லாத ஆனால் மொட்டைமாடி உள்ள ஒருவர் முன்வரக்கூடும்.

கொடுப்பவர்களிடம் எதிர்பார்ப்பது இன்னும் சிறியது. போன தையிலோ மாசியிலோ யாருக்காவது ஐநூறு ரூபாய் அனுப்பியிருப்பீர்கள். அந்த உரையாடல் போனில் எங்கோ கீழே இறங்கிப் போயிருக்கும். அதைத் தேடியெடுத்து, இன்றிரவு ஒரு வரி கேளுங்கள்: 'அந்தக் குட்டி இப்ப எங்க இருக்கு?'